தார் பூசாத சுவர்

கல்முனைப் பக்கத்தில் மேசன் வேலை செய்கிறவனுக்கு அவசரம் எப்போதும் பெண் வீட்டிலிருந்துதான் வரும். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்து வருவதுதான் எங்கள் ஊர் வழக்கம். வீடு முடிந்தால்தான் நிக்காஹ். பூசிய சுவர் மழைக்கு முன் காயுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஐம்பதுகளில் நான் கட்டிய ஒரு வீட்டில் நடந்தவை இவை.

கறுப்பு

பெண்ணின் வாப்பா வரிப்பத்தான்சேனையில் வயல் வெள்ளாமையோடு கிடந்தார். இங்கே அதிகாரம் முழுக்க அவர் மனைவி கதீஜா உம்மாவிடம். அத்திவாரத்துக்கு மேல், செங்கல் வைக்குமுன், காய்ச்சிய தாரைப் பூசிக்கொண்டு வந்தேன். நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் மறிப்பது அந்தத் தார்தான். மணமக்களின் அறைச் சுவருக்கு வந்தபோது உம்மா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு குறுக்கே வந்து நின்றார்.

சொல்லிப் பார்த்தேன். எனக்கு வாதாட வராது. நேரம் தவறாமல் தேத்தண்ணி தருகிறவரிடம் அறவே வராது. அந்த ஒரு சுவரைத் தார் இல்லாமலே எழுப்பினேன். எனக்குத் தெரிந்தே செய்த பிழை அது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "புள்ளைகள் வாழப் போற அறை மேசன். அதுக்கு அடியில கறுப்பு வேணாம்."

உப்பு

மாப்பிள்ளையின் வாப்பா பாலமுனையில் கடற்றொழில் செய்கிறவர். கடல் மணலில் சாந்து குழைத்தால் அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும், சுவர் மாரி முழுக்க வேர்க்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். விசாரிக்க நேரே வந்துவிட்டார். ஆற்று மணல்தான் என்றேன். நம்பவில்லை. அப்படியானால் நக்கிப் பாருங்கள், நாங்களும் அப்படித்தான் பார்ப்போம் என்றேன்.

மனிதர் ஒரு சிட்டிகை மணலை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். மணலைத் துப்பிவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "எனக்குத் தெரியுதில்ல தம்பி. பொறந்த நாளிலருந்து நாக்குல உப்புத்தான். வேற ஆரையும் கூப்புடுங்க."

உமி

மார்கழி மழை விடாமல் கொட்டியது. மற்றச் சுவரெல்லாம் நல்ல பிள்ளையாக நின்றன. தார் இல்லாத சுவரில் மட்டும் ஓதம் முழங்கால் உயரத்துக்கு ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்குப் பிடிக்காவிட்டால் நிக்காஹ் தள்ளிப்போகும். ஊர் வாயை மூட எந்த மேசனாலும் முடியாது. அந்தப் பெண்பிள்ளையை நினைக்க எனக்கு அழுகை வராத குறை.

கதவைச் சாத்தி, சட்டி சட்டியாக உமியைப் புகைய வைத்து, நானும் என் கூட்டாளி லெவ்வை காக்காவும் மூன்று நாள் அந்த அறைக்குள் காவல் இருந்தோம். சுவர் காயவில்லை, மேலே கறுத்ததுதான் மிச்சம். கண்ணைக் கசக்கிக்கொண்டு லெவ்வை காக்கா சொன்னார்: "சுவரு ஈரமாத்தான் இரிக்கி. நாம ரெண்டு பேரும் கருவாடாகிட்டம்."

கை

வெள்ளிக்கிழமை காலையில் அவசரமாக வெள்ளையடித்தோம். கதீஜா உம்மா அலுமாரியை இழுத்து ஈரத்தை மறைத்தார். வந்தவரும் பெண்தானே, நேரே அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டார். எடுத்த கை நனைந்திருந்தது.

"பிழை என்ட. தார் பூசாம உட்டது நான்தான்" என்றேன். "இல்ல, வேணாமெண்டது நான். மேசன்ட தலையில போடாதீங்க" என்று கதீஜா உம்மா முன்னால் வந்தார். மாப்பிள்ளையின் உம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தக் கையை மறுபடியும் சுவரிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "கடலோரத்துல எங்கட ஊட்டுச் சுவரும் இப்புடித்தான். அதுல சாஞ்சி வளந்த புள்ள. என்ன உட்டுட்டு வாறவனுக்கு இங்க ஒரு சுவராவது பழகினதா இரிக்கட்டும்."

சொன்ன நாளில் நிக்காஹ் நடந்தது, நெய்ச்சோறும் கிடைத்தது. ஒழுங்காகக் கட்டிய சுவர்களைப் பற்றி எந்தச் சம்பந்தியும் எனக்கு இன்றுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.