கழுவிப் பார்க்காத துணி

பனியன் கம்பெனி கேட்டில் காவலுக்கு உட்கார்ந்திருந்தேன். காலை ஷிப்டுக்கு ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கறிக்கடை ராமசாமி மொபெட்டை அணைக்காமல் ஒரு காலை மட்டும் ஊன்றி, "ஏனுங்ண்ணா, சேதி தெரியுங்களா? நம்ம மெம்பரு போயிட்டாங்க" என்றார். எந்த மெம்பர் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பதவியில் வேறொருவர் வந்து உட்கார்ந்து வருஷங்களாகிவிட்டன. ஆனாலும் எங்கள் வார்டில் மெம்பர் என்றால் ஞானசுந்தரிதான். "எங்க வெச்சிருக்காங்க?" என்று எழுந்தேன். "வண்டி இந்நேரம் தாராபுரம் தாண்டியிருக்கும்ங்க. விடியறதுக்குள்ள ஏத்தீட்டாங்களாமா" என்றார். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு இதுதான் நடக்கிறது. பாடுபடுவது இங்கே, மண்ணுக்குப் போவது அங்கே. சனிக்கிழமை வரை செக்கிங் டேபிளில் நின்ற மனுஷி, காய்ச்சல் என்று படுத்து, எழுந்திருக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கம் ஏதோ ஒரு வேதக்கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்களாம். முகம் பார்க்கக் கிடைக்காத நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் இந்தப் படத்திறப்பு. எனக்கு எழுத்துத் தெரியாது, இங்கே வாசிப்பதற்காகச் சொல்லித்தான் எழுத வைக்கிறேன். ஞாபகம் மட்டும் இன்னும் விட்டுப் போகவில்லை. போனால்கூடத் தேவலை என்று சில நாள் தோன்றுகிறது.

அவர் மெம்பரான கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியபோது, ஊரில் கம்பெனி வைத்திருந்த அண்ணன் தம்பி இருவரும் அவரவர் சம்சாரத்தைத்தான் நிறுத்துவோம் என்று மல்லுக்கு நின்றார்கள். மாரியம்மன் கோயில் வாசலில் பேச்சு வார்த்தை. கடைசியில் அண்ணன்காரர் பெரியவர் சொன்னார்: "நம்மளுக்குள்ள எதுக்குங் சண்ட? லைன் வீட்டுல அந்தத் தெக்கத்திப் புள்ள இருக்குதல்லங்க, அத நிறுத்திப் போடலாம். காட்டுன எடத்துல கையெழுத்துப் போடும்." சின்னவரும் தலையாட்டினார். பதவி அண்ணன் வீட்டுக்குப் போகாமலிருந்தால் அவருக்கு அது போதும்.

ஜெயித்த மறுவாரமே பெரியவர் கையெழுத்துக்கு ஒரு தாளை நீட்டினார். ஞானசுந்தரி திண்டாடவில்லை, கோபப்படவும் இல்லை. "படிச்சுப் பாத்துட்டுப் போடுதேன் அண்ணாச்சி" என்று மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பெரியவர் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தை நினைத்தால் இந்தச் சலிப்பிலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

வார்டு கூட்டம் என்று வேலை நாளில் மத்தியானம் ஆபீசில் வைப்பார்கள். பனியன் வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான்? யாரும் வரவில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள். ஞானசுந்தரி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ராமசாமியின் கறிக்கடை வரிசையில் வந்து நின்றார். அங்கே நிற்காத வீடு எங்கள் வார்டில் இல்லை. "சாக்கடை யார் வீட்டு முன்னால நிக்குது? லைட்டு எந்தக் கம்பத்துல எரியல?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். வரிசை நகரவில்லை. ராமசாமி கத்தியை வைத்துவிட்டு, "ஏனுங் மெம்பரு, நா கறி வெட்டட்டுங்களா, தீர்மானம் போடட்டுங்களா?" என்றார். "நீங்க வெட்டுங்கண்ணே. எலும்பு யாருக்கு அதிகம் போகுதுன்னும் கூட்டத்துல கேக்கணும்லா" என்றார் அவர். அதற்கப்புறம் வாராவாரம் அங்கேதான் கூட்டம். கறி வாங்காத சைவக்காரர்கள்கூட வந்து நின்றார்கள்.

அந்த வரிசையில்தான் கிழக்குத் தெருவின் தண்ணீர் பேச்சு வந்தது. முழுக்க லைன் வீடுகள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். தெரு முழுதுக்கும் ஒரு பொதுக்குழாய், அதற்கும் திருகு கிடையாது. பனியன் வேஸ்டை, அதாவது கம்பெனியில் வெட்டிக் கழித்த துணியை, சுருட்டி அடைத்து வைத்திருப்போம். எங்கள் ஊரில் எதற்கும் வேஸ்ட் துணிதான். வண்டி துடைக்க, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க, ஜன்னல் இடுக்கை அடைக்க, எல்லாவற்றுக்கும் அது.

மெயின் லைனிலிருந்து தெருக்கோடி வரை பைப் போடலாம், ஆனால் குழி தோண்டுவது தெருக்காரர்கள் பொறுப்பு என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். லைன் வீடுகளில் பெரும்பாலானவை சின்னவருடையவை. அவருக்கு இது பிடிக்கவில்லை. "வாடகைக்கு இருக்கறவங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிருவாங்க. அவங்களுக்கு எதுக்குங் கொழாயி?" என்றார். "நாங்க போனாலும் கொழாய் எங்கயும் போவாதுலா அண்ணாச்சி" என்றார் ஞானசுந்தரி.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் கடப்பாரைதான். ஒருவரோடு ஒருவர் பேசாத ஆட்கள் அதில் இருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள், மதுரைப் பக்கத்தவர், திருநெல்வேலிக்காரர்கள், தமிழ் தெரியாத வடக்கத்திப் பையன்கள். ஒரே தூக்கில் எல்லோருக்கும் தேநீர் வந்தது. நானும் தோண்டினேன். ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்ச தூரம் பைப் போட்டு, சாயங்காலம் திறந்த வாயில் எலியும் மண்ணும் போகாமல் அடைத்துவிட்டு வருவோம். எதைக் கொண்டு அடைப்போம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் திறந்த அன்று தெருக்கோடியில் குடங்கள் வரிசையாக நின்றன. வேப்பமரத்து வீடு வரை தண்ணீர் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பிளம்பர் பைப்பில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள என்னமோ அடச்சிருக்குதுங்க" என்றார். எல்லோருக்கும் அந்த நொடியே விளங்கிவிட்டது. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ அடைத்த துணியை எடுக்க மறந்து, அதன்மேலேயே அடுத்த பைப்பைச் சேர்த்து, மண்ணையும் மூடியிருக்கிறோம்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு உடைந்துவிட்டது. தெற்கத்தி ஆட்கள் வேலை என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னார்கள். "எங்க ஆளுங்க அடச்சா எடுக்கத் தெரியும்யா, ஒங்க மாதிரியா?" என்று தெற்கத்திக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். மதுரைக்காரர் ஒருவர் வடக்கத்திப் பையன்களைக் கை காட்ட, அந்தப் பையன்கள் மற்றவர்கள் பேசுவது புரியாமல் விழித்தார்கள். சின்னவர் காரை நிறுத்திப் பார்த்துவிட்டு, "நாந்தான் சொன்னனல்லங்க" என்று போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு மறுபடி தோண்ட வேண்டும். ஷிப்மெண்ட் அவசரம், உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறோம் என்று ஆளாளுக்கு ஒரு சாக்கு. வந்தவர்கள் மிகக் கொஞ்சம். ஞானசுந்தரி சேலையைச் செருகிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். "எதுக்கு அம்மிணி, வுடு, கூலிக்கு ஆளு வெச்சுக்கலாம்" என்றேன். "ஆள் வெச்சா அடைப்பு போகும் பெரியப்பா. சண்டை போகாதுலா" என்றார். அவர் தோண்டுவதைப் பார்த்து வீட்டுக்குள் இருந்தவர்கள் வாசலுக்கு வந்தார்கள். உதவிக்கு வந்தார்களா, வேடிக்கைக்கு வந்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நின்றார்கள்.

வேப்பமரத்தைத் தாண்டி மூன்றாவது இணைப்பில் பிளம்பர் பைப்பை அறுத்தார். ஞானசுந்தரி உள்ளே கையை விட்டு இழுத்தார். வந்தது ஒரு துணிச் சுருள். சேறு பூசி, கறுப்பாக, எந்த நிறம் என்று தெரியாமல். நின்ற அவ்வளவு பேரும் அதையே பார்த்தார்கள். ஏன் என்றால், ஒவ்வொரு கம்பெனியிலும் அந்தச் சீசனுக்கு ஒரு கலர் ஓடும். துணியைப் பார்த்தால் எந்தக் கம்பெனி வேஸ்ட் என்று தெரியும். எந்தக் கம்பெனி என்று தெரிந்தால், அங்கே வேலை பார்த்துக்கொண்டு அந்த ஞாயிறு குழிக்கு வந்த ஆள் யார் என்றும் தெரிந்துவிடும்.

சின்னவர் எப்போது வந்தாரோ, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "மெம்பரு, அதக் கழுவிப் பாருங்க. கலரு தெரிஞ்சிரும். யாருன்னு ஊருக்குத் தெரியோணுமல்லங்க?"

ஞானசுந்தரி நிமிர்ந்து பார்த்தார். வேலை நாளெல்லாம் வெளிச்சத்தில் துணியைப் பிடித்து, எங்கே கறை, எங்கே ஓட்டை என்று தேடுவதற்கே சம்பளம் வாங்கியவர் அவர். கையில் இருந்ததைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கழுவணும்னா தண்ணி வேணும்லா அண்ணாச்சி. அதுக்குத்தான தோண்டுதோம்" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே அவர் துணியைப் பக்கத்துப் பழைய குழியில் போட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார். "பெரியப்பா, மிதிங்க" என்றார். நான் மிதித்தேன். பிறகு கடப்பாரைகள் ஒவ்வொன்றாக வந்தன. இருட்டுவதற்குள் தெருக்கோடியில் தண்ணீர் வந்தது. கலங்கலாகத்தான் வந்தது.

இதை வெற்றி என்று சொல்லி முடிக்க எனக்கு ஆசைதான். முடியவில்லை. அடுத்த தேர்தலில் பெண்கள் ஒதுக்கீடு மாறி, பெரியவர் வீட்டு மருமகன் மெம்பராக வந்தார். கறிக்கடைக் கூட்டம் நின்றுபோனது. ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சின்னவர் ஞானசுந்தரியை அறையைக் காலி செய்யச் சொன்னார். அவர் பெருமாநல்லூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனார். அங்கே குழாயே போகவில்லை. தான் தோண்டிய தெருவுக்கே சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு வருவார். "மெம்பரு, முன்னால வாங்க" என்று பெண்கள் கூப்பிடுவார்கள். "மெம்பரு போயி வருசமாச்சு. இது வெறும் கொடம்லா" என்று கடைசியில் நிற்பார். இப்போது தண்ணீர் எப்போதாவதுதான் வருகிறது. வந்தாலும் நூல் மாதிரி வருகிறது. பாதி வீடுகள் லாரித் தண்ணீர் வாங்குகின்றன. மனு கொடுத்துக் கொடுத்து ஆட்களுக்கும் அலுத்துவிட்டது. எனக்கும் அலுத்துவிட்டது.

ஆனால் கிழக்குத் தெருவில் அந்தத் துணியை வைத்து யாரும் யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் இன்னும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிறார்கள்.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். யார் யாரோடு எதற்காகப் பேசாமல் இருந்தார் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். அந்தத் துணி யாருடையது என்று மட்டும் எனக்குத் தெரியாது. விசாரித்திருந்தால் ஒரே வாரத்தில் தெரிந்திருக்கும். கேட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு வந்து சேராத சேதி கிடையாது. நான் விசாரிக்கவில்லை. அம்மிணி எனக்கென்று கொடுத்துவிட்டுப் போனது அந்தத் தெரியாமை ஒன்றுதான். அதை அப்படியே வைத்திருக்கிறேன்.