ராஜபார்ட்காரரின் மகள்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய தந்தையின் சினிமாப் புகைப்படத்தை இந்த நினைவு மலரின் அட்டையில் ஏன் போடக் கூடாது என்று உறவினர் பலர் அக்கறையோடு கேட்டிருக்கிறார்கள். அம்மா உயிரோடு இருந்தபோது காணாத அக்கறை அது. ஆகவே பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அம்மா பெங்களூர் ஒக்கலிபுரத்தில் பிறந்தார். தாத்தா நாடகத்தில் ராஜபார்ட். பேசும்படம் வந்த புதிதில் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போய் ராஜாவாக நடிக்க வைத்தார்கள். மேடையில் சபையோர் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் பாட்டை மறுபடி பாட வேண்டும். ஸ்டூடியோவில் டைரக்டர் ‘ஒன்ஸ்மோர்’ என்றதும் தாத்தா அதைப் பாராட்டு என்று நினைத்து, கைகூப்பி வணங்கி, முன்னைவிட நீட்டிப் பாடினார். அவர் கேட்கக் கேட்க இவர் வளர்த்துக்கொண்டே போனார். அடுத்த படத்தில் மந்திரி வேடம்தான் கிடைத்தது. அதற்கடுத்ததில் காவலாளாக ஈட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். பிறகு யாரும் கூப்பிடவில்லை.

முதல் படத்தை ஓசி டிக்கெட்டில் பார்த்து மகிழ்ந்த தாத்தாவின் தம்பி, மூன்றாம் படத்துக்குப் பிறகு அண்ணனைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார். காரியம் ஆகும்வரை காலைப் பிடிக்கும் வம்சம் அது. அம்மாவுக்கு வரன் தேடியபோது, “கூத்தாடி பொண்ண எவன் கட்டுவான்?” என்றாராம் அந்தப் பெரிய மனிதர். மில் தொழிலாளியான எங்கள் அப்பா கட்டிக்கொண்டார். திருமணத்துக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அதே ஊரின் நீலசந்திராவில் ஒற்றை அறையில் எங்களை வளர்த்த அம்மா, அவர்கள் வாசலை ஒருநாளும் மிதிக்கவில்லை.

அம்மா படுக்கையில் விழுந்தபின், அந்தத் தம்பியின் பேரன் ஆப்பிள் பழங்களோடு வந்தார்.

“அத்தே, பெரிய தாத்தாவோட சினிமா போட்டோ ஒண்ணு குடுங்க. நாம ஃபிலிம் ஃபேமிலின்னு குரூப்ல போடணும்.”

“தர்றேன்பா. மொதல்ல அவர் பேரச் சொல்லு.”

“பேரா? வீட்ல பெரிய தாத்தான்னுதான் சொல்வாங்க அத்தே...”

சொல்லிக்கொண்டே கைப்பேசியில் தேட ஆரம்பித்தார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று அவர் அழுததை நான் பார்த்தேன். அழவைத்தவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அம்மாவைத் தூக்கி இறக்கிய எதிர்வீட்டு ஆட்டோக்காரருக்கும், கடைசிவரை கஞ்சி கொடுத்தனுப்பிய மேல்வீட்டுக் கன்னட அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. கருமாதியில் சாப்பிட்டு, சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொல்லிச் சென்ற உறவினர்களுக்கும் வணக்கம்.

தாத்தாவின் படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கைப்பேசியைப் பார்க்காமல் அவர் பெயரைச் சொல்பவர் யாராக இருந்தாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.