சீர்த் தட்டில் ஒரு ஜோடி பூட்ஸ்

குதிரைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் கோபமெல்லாம் பெரியப்பாமேல்தான். அவர் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிறேன். உயிரோடு இருந்தபோதும் பேச விடவில்லை, பிறகு எப்போதுதான் பேசுவதாம்?

பாகூர் ஏரித் தண்ணீரில் எங்களுக்கு நெல்லும் கரும்பும் விளைந்தன. எங்களுக்கு என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். நிலம் யார் பேரில் இருந்தாலும் வாய் பெரியப்பாவுடையது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அப்பா சிரிப்பதென்றால்கூட அண்ணன் சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார். அந்த வீட்டில் நான் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, குடியரசு தினத்துக்குப் பாண்டிச்சேரி கடற்கரைச் சாலையில் நடக்கும் அணிவகுப்புக்கு எங்கள் பள்ளிக்கூடத்தையும் கூப்பிட்டார்கள். வரிசைக்கு முன்னால் கொடி பிடித்துப்போக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். படிப்பைப் பார்த்து அல்ல, உயரத்தைப் பார்த்து. அதுவரை என் உயரத்தால் எனக்குக் கிடைத்ததெல்லாம் கடைசி பெஞ்சும் பெரியம்மாவின் கிண்டலும்தான். முதல்தடவையாக அது ஒரு நல்ல காரியம் செய்தது.

சட்டை, பேண்ட், தொப்பி எல்லாம் பள்ளியில் கொடுத்தார்கள். கறுப்பு பூட்ஸ் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். பூட்ஸ் இல்லாதவள் வரிசையில் இல்லை, கொடியாவது கிடியாவது என்று பி.டி. சார் கறாராகச் சொல்லிவிட்டார். மற்ற பெண்கள் டவுனுக்குப் போய் வாங்கி வந்தார்கள். என் கால் எந்தக் கடைப் பூட்ஸுக்குள்ளும் நுழையவில்லை. பெண்பிள்ளை அளவில் விரலே போகாது. ஆண்பிள்ளை அளவில் நீளம் சரியாக இருந்தால் அகலம் இடிக்கும். கடைக்காரப் பையன் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து தள்ளிப் பார்த்துவிட்டு, “வண்டி டயர்ல செஞ்சாதான் உண்டு” என்றான். அப்பா அதற்குச் சிரித்தார். அன்றைக்குப் பார்த்து அண்ணன் பக்கத்தில் இல்லாமலே சிரித்தார்.

அம்மா தன் தம்பிக்குப் போன் போட்டாள். என் தாய்மாமன் வில்லியனூரைத் தாண்டி ஒரு கம்பெனியில் இருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது போடுகிற பூட்ஸ் செய்கிற கம்பெனி. பெரியப்பா ஊரில் அவரைப் பற்றிச் சொல்லும்போது எக்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் என்பார். சூப்பர்வைசர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. மாமா அப்படிச் சொல்லிக்கொண்டு நான் கேட்டதே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு பை நிறையத் தோல் துண்டுகளோடு வந்தார். செய்தித்தாளின்மேல் என்னை நிற்கவைத்து இரண்டு பாதத்தையும் பென்சிலால் சுற்றி வரைந்தார். காலைப் பார்த்து அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. “நல்லா நிக்கிற காலு” என்றார். பிறகு துண்டுகளைக் கூடத்தில் பரப்பி, எது வேண்டும், நீயே தொட்டுப் பார்த்துச் சொல் என்றார். நான் கையை நீட்டுவதற்குள் வீடே சுற்றி உட்கார்ந்துவிட்டது.

முதலில் மாட்டுத்தோல். பெரியப்பா கையை உயர்த்தினார். பசு லட்சுமி, நம்ம வூட்டுப் புள்ள லட்சுமிய மிதிக்கிறதா, கூடவே கூடாது என்றார். அவர் வாசலில் கழற்றிவிட்டு வந்த செருப்பு என்ன பிளாஸ்டிக்கா? அசல் மாட்டுத்தோல், அதுவும் மெத்தென்று. அது லட்சுமி இல்லையோ என்னவோ. இரண்டாவது எருமைத்தோல். எருமை எமனுக்கு வாகனம், வயசுப்பிள்ளை காலில் எமனையா மாட்டுவது என்று பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த எருமையின் பாலில்தான் அன்று எங்கள் எல்லோருக்கும் காப்பி. ஆட்டுத்தோலை யாரும் மறுக்கவில்லை, மாமாதான் மறுத்தார். அது கையுறைக்கு ஆகும், நடைக்குத் தாங்காது, ரெண்டு நாள்ல வாயப் பொளந்துடும் என்றார்.

கடைசியாக நன்றாகக் கறுத்து, கண்ணாடி மாதிரி மினுக்கிக்கொண்டு ஒரு துண்டு இருந்தது. மாமா அதை வளைத்துக் காட்டினார். மற்ற தோல் எல்லாம் மடித்த இடத்தில் பொடிப்பொடியாகச் சுருங்கியது. இது அலை புரள்வதுபோல வழவழவென்று உருண்டது. நகத்தால் கீறச் சொன்னார். கீறினேன், கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்ததும் கோடு போன இடம் தெரியவில்லை. குதிரைத்தோல் என்றார். வெளிநாட்டு ஆர்டருக்கு வந்ததில் வெட்டிய மிச்சம், முதலாளியிடம் கேட்டு வாங்கிவிட்டேன் என்றார். எனக்கு இதுதான் என்று அள்ளி மடியில் வைத்துக்கொண்டேன். பெரியப்பா மறுபடி கையை உயர்த்தப் போனார். எங்கள் ஊரில் குதிரையை யாரும் வளர்த்ததில்லை, கறந்ததில்லை, கும்பிட்டுப் பொங்கல் வைத்ததில்லை. மறுப்பதற்கு அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“குதிரன்னா பரவால்லப்பா. ராசாங்க ஏறினது” என்றார். எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னார். இதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு மாமா சீர் கொண்டுவந்தார். கூடப்பிறந்தவளுக்கு வருஷா வருஷம் அவர் கொண்டுவருவதுதான்: பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, வாழைத்தார், கரும்புக் கட்டு, புடவை. அந்த வருஷம் தனியாக ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அதன் நடுவில் என் பூட்ஸ். மருமகளுக்குச் செய்வதை வேறு எப்படிக் கொடுப்பது? அவருக்குத் தெரிந்த மரியாதை அதுதான். கூடத்தில் அன்று பெரியப்பாவின் சம்பந்தி இருந்தார், திருக்கனூர்க்காரர், கரும்பு பார்க்க வந்திருந்தார். அம்மா தாம்பாளத்தை வாங்கிக் கீழே வைத்தவுடன் நான் ஒரு பூட்ஸை எடுத்துக் காலில் ஏற்றிவிட்டேன். ஐயோ, அந்தப் பூட்ஸ்! என் அகலமான காலை அது இடித்துத் தள்ளாமல், வா என்று உள்ளே வாங்கிக்கொண்டது. ஒற்றைக் காலிலேயே கூடத்தில் லெஃப்ட் ரைட் போட்டேன்.

சம்பந்தி மற்றதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னா மச்சான், மிலிட்டரி பூட்ஸ் தோத்துச்சி போ. எங்க வாங்கன?” என்று கேட்டார்.

மாமாவுக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. “வாங்கலங்க. நானே வெட்டி, நானே தச்சது. இந்தத் தையலப் பாருங்க, மிசினு இல்ல, கைத்தையலு.”

சம்பந்தி பூட்ஸைக் கீழே வைத்தார். எழுந்து பின்கட்டுக்குப் போனார். தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு கையைக் கழுவுகிற சத்தம் கூடம்வரை கேட்டது. அம்மா கொண்டுவந்து வைத்த காப்பி அப்படியே இருக்க, நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். மாமாவின் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. ஊரில் தோலைத் தொடுகிற வேலை யாருடையது என்று இவர்களே ஒதுக்கிவைத்து, அந்த வேலையைச் செய்கிறவர்களை ஊருக்கு வெளியேயும் வைத்திருந்தார்கள். என் மாமா பங்கு நிலம் போதாமல் கம்பெனிக்குப் போனவர். அங்கே எல்லோரோடும் சரிசமமாக உட்கார்ந்து தைத்தார், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். இது எங்கள் கூடத்தில் சொல்லக்கூடாத சங்கதி என்று அவருக்குத் தோன்றவே இல்லை, பாவம்.

சம்பந்தியின் வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் பெரியப்பா ஆரம்பித்தார். “சூப்பர்வைசருன்னு ஊரு பூரா சொல்லி வச்சிருக்கறேன் நானு. இவன் இன்னாடான்னா, தோலு தைக்கிறேன்றான், அதுவும் சம்பந்தி எதுருல!” என்றார். அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார். மாமாவைப் பார்க்கக்கூட இல்லை. தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்ட பிறகுதான் அவருக்குக் குதிரை ஞாபகத்துக்கு வந்தது. நம்ம குலசாமி யார், அய்யனார். அவர் எதில் ஏறி ஊரைச் சுற்றுகிறார், குதிரையில். அந்த வாகனத்தின் தோலை உரித்து வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறான், குடும்பம் விளங்குமா என்றார். போன மாசம் அய்யனாருக்குக் குதிரை இல்லையா? ராசா ஏறினது என்றாரே, அந்த ராசா இறங்கிப் போய்விட்டாரா? அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தார், எண்ணுகிறவர்போல.

தீர்ப்பு அன்று சாயங்காலமே நிறைவேறியது. ஏரிக்கரை அய்யனார் கோயிலுக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த பெரிய குதிரை ஒன்று காலைத் தூக்கி நிற்கும். மாமாவே பூட்ஸைச் சுமந்துவந்து அதன் குளம்படியில் வைக்க வேண்டும், சூடம் கொளுத்தி விழுந்து எழ வேண்டும். அழுதுகொண்டே நானும் பின்னால் போனேன். மாமா வைத்தார். கொளுத்தினார். வெள்ளை வேட்டி மண்ணாக நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். குதிரைக்குப் பக்கத்தில் பெரியப்பா கையைக் கட்டாமல், துண்டை எடுக்காமல் நின்றார். எழுந்திரு என்று அவர் சொல்லும்வரை மாமா எழுந்திருக்கவில்லை.

பஸ்ஸுக்குப் போகும்போது மாமா என் தலையில் கைவைத்தார். “குதிர கோச்சிக்கிச்சி கண்ணு, அவ்ளோதான். உம்மேல ஒரு தப்பும் இல்ல” என்றார். நான் நம்பினேன். பெரியவர்கள் சொன்னால் அப்போதெல்லாம் நம்பிவிடுவேன். தினம் பள்ளிக்கூடம் போகும் வழியில் நின்று அந்தக் குதிரையிடம் மன்னிப்பு வேறு கேட்டேன். சுண்ணாம்புச் சுவரிடம்!

கொடி எனக்கு அடுத்த உயரக்காரிக்குப் போனது. குடியரசு தினத்தன்று என் வகுப்பே கடற்கரைச் சாலையில் நடந்தபோது நான் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். அப்பா அன்று என் பக்கமே வரவில்லை.

மாசி மாதம் பெரியப்பாவின் மகனுக்குப் புது வண்டி வாங்கினார்கள். முதல்தடவையாக அதில் கல்லூரிக்குப் போக வெளியே வருகிறான், காலில் என் பூட்ஸ். மினுக்கிக்கொண்டு, அலை அலையாக மடிந்துகொண்டு, என் பூட்ஸ்! நான் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. கழட்டுடா என்று அவன் காலைப் பிடித்து இழுத்தேன். பெரியப்பா வந்து என் கையைத் தட்டிவிட்டார்.

“இன்னாடி ஆர்ப்பாட்டம்? சாமி காலடியில வச்சி எடுத்தது, தோசம் தீந்துபோச்சி. வெயில்ல கெடந்து வீணாப் போவணுமா?”

அப்படியென்றால் என்னிடம் கொடுங்கள் என்றேன். பொட்டப்பிள்ளைக்குப் பூட்ஸ் எதற்கு, அதுதான் அணிவகுப்பு முடிந்துவிட்டதே என்றார். அந்த அண்ணன் அதைப் போட்டுக்கொண்டே பட்டம் வாங்கினான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அதே சம்பந்தி கூடத்தில் நின்று பேசினார், பூட்ஸ் யார் தைத்தது என்று கேட்கவில்லை, கையும் கழுவவில்லை.

அடுத்த பொங்கலுக்கு மாமா வரவில்லை. சீர் மட்டும் வந்தது. மாமா ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளில் கட்டிக்கொண்டுவந்து வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார். கரும்பு, மஞ்சள், வெல்லம், புடவை, எல்லாம் வழக்கம்போல. பெரியப்பா கரும்பைத் தட்டிப் பார்த்து, நல்ல கரும்பு என்றார். வீட்டுக்குள் எடுத்து வைக்கச் சொன்னார். ஒரு வருஷமாக நான் மனசுக்குள் போட்டுவைத்திருந்த கணக்கு எனக்கு அப்போது உதைத்தது. குதிரை கோபித்துக்கொண்டதால்தானே மாமா வராமல் இருந்தார்? தோஷம்தான் தீர்ந்துவிட்டதே, பூட்ஸே வீட்டுக்குள் வந்துவிட்டதே?

கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது அம்மாவிடம் சத்தமாகவே கேட்டேன். “குதிரதான் மன்னிச்சிடிச்சே, அப்பறம் ஏம்மா மாமா வரல?”

அம்மா கையிலிருந்த மஞ்சள் கொத்தைக் கீழே வைத்தாள். என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. பெரியப்பா சிரித்தார், அப்பாவும் அவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் பல நாள் அம்மாவிடம் பேசாமல் இருந்தேன். அந்த அறை யார் கன்னத்துக்குப் போக வேண்டியது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.