புருஷன் பாகம் வாசித்தவள்

போன வாரம் எங்கள் சபையின் இளம் போதகர் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். குடும்ப ஞாயிறன்று நாடக வாசிப்பாம். கிறிஸ்தவ இல்லறத்தைப் பற்றி வாசித்துக் கலந்து பேசப்போகிறார்களாம். பக்கத்து வீட்டம்மா பாகம் எனக்காம். கூடவே நாடகமும் வந்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். மனைவி முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. இந்த வயதில், அதுவும் இரத்தக்கொதிப்பை வைத்துக்கொண்டு, இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

போனில் வருகிற நாடகத்துக்கு வாசனை கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் வாசித்த நாடகங்களுக்கு சைக்ளோஸ்டைல் மை வாசனை உண்டு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டீச்சர். சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தை ஒட்டிய ஓட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்காருவோம். தாளைத் தொட்டால் விரலெல்லாம் கறுப்பாகிவிடும். அதே விரலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மீசை வைத்த டீச்சராக வீட்டுக்குப் போன நாளும் உண்டு.

நாடகங்களை எழுதியவர் எங்கள் ஐயர். போதகரை எங்கள் சபையில் ஐயர் என்றுதான் சொல்வோம்; திருநெல்வேலிக்காரர். ஒரு காட்சி வாசித்து முடித்ததும் நிறுத்தி, வேதம் இங்கே என்ன சொல்லுகிறது என்று கேட்பார். ஆளுக்கொரு கருத்துச் சொல்வோம். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்க் கல்யாணத்தை வாசித்த அன்று, முட்டை விற்கிற அன்னம்மா அக்கா எழுந்து, “திராச்சரசம் தீந்துபூட்ச்சின்னு மொதல்ல கண்டுக்கினது யாருங்க ஐயா? பொம்பளதானே!” என்றார். ஐயரே விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. மனைவி பாகத்தைப் பெண்கள் வாசிக்கக் கூடாது. அடுத்தவள் புருஷனைப் பார்த்து ஒருத்தி “என்னங்க” என்று சொல்லிவிட்டால், நாடகமே ஆனாலும் சாட்சி, அதாவது சபையின் நல்ல பேர், கெட்டுவிடுமாம். அதனால் மனைவியாக வாசிப்பதும் ஆண்பிள்ளைதான். எங்களுக்கு மாமியார், வேலைக்காரி, பக்கத்து வீட்டம்மா. எனக்கு எப்போதும் பக்கத்து வீட்டம்மா. பெரும்பாலும் ஒரே வரி. அந்த ஒரு வரியை நான் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்ப்பேன் என்பதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

மனைவி பாகத்துக்கென்றே பிறந்தவர் தேவசகாயம். கம்பெனியில் பிட்டர், ஆலயத்தில் காணிக்கைப் பை பிடிக்கிறவர். அடங்கிப்போகிற மனைவியாக அவர் குரல் தழுதழுக்க வாசித்தால் பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போகும். அந்தப் பெண்களுக்கு நடுவில் அவருடைய மனைவி ரூத்தும் உட்கார்ந்திருப்பாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் ரூத் இடது உள்ளங்கையில் பச்சிலைக் கட்டோடு கவரைப்பேட்டையிலிருந்த அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். சோற்றில் கல் கிடந்ததாம். கரண்டியை அடுப்பில் காய வைத்துக் கையில் இழுத்துவிட்டார் அந்தக் காணிக்கைப் பைக்காரர். இனி அம்மா வீட்டிலேயே இருக்க சபை சம்மதிக்க வேண்டும் என்று ஐயரிடம் கேட்டாள். கட்டை அவிழ்த்துக் காட்டியும் கேட்டாள். மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்துக்கு அடுத்தபடியே, புருஷன் தன்னையே கொடுக்கும் அளவுக்கு அன்புகூர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. அது ஐயருக்கு அன்று ஞாபகம் வரவில்லை. அவருக்கு வந்தது ஒரு யோசனை. சனிக்கிழமை இருவரும் சேர்ந்து நாடகம் வாசிக்கட்டும். நிஜப் புருஷன் பெண்சாதிதானே, சாட்சி கெடாது. ஒருவர் மனசு ஒருவருக்குப் புரிய, அவர் வழக்கம்போல மனைவி, இவள் புருஷன். அதைக் கேட்டுவிட்டு, அவளைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று கமிட்டி முடிவு செய்யும். வெந்த கைக்கு நாடகம் வைத்தியம் என்று நினைத்த மனிதரை என்னவென்று சொல்ல?

கமிட்டி மூப்பர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ரூத் புருஷனின் முதல் வசனத்தை வாசித்தாள். “அன்பே, இன்று சமையல் தாமதமாயிற்றோ?” என்பது போல ஏதோ ஒன்று. தேவசகாயம் தழுதழுத்து மறுமொழி வாசித்தார். அவள் தாளை மடியில் வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னாடி, சோத்துல கல்லு? உங்காத்தா ஊட்ல இப்டித்தான் வளத்தாளா? கைய நீட்டு. நீட்டுடின்றேன்!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாடகம் என்று நினைத்துவிட்டார்கள்.

“கத்தாத. பக்கத்தூட்ல ஜெபம் பண்ணிக்கினு கீறாங்க.”

அந்தக் குரல் அவளுடையதே இல்லை. அவள் புருஷன் கம்பெனிக்குப் போகும்போதும் வரும்போதும் நாங்கள் எல்லாரும் கேட்டிருக்கிற அவருடைய குரல். தேவசகாயம் தம்மை அறியாமல் கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கூடம் முழுக்க அதைப் பார்த்தது.

“ஏம்மா, நாடகத்துல இல்லாததெல்லாம் வாசிக்கீங்க?” என்றார் ஐயர்.

“நாடகத்துல இல்லீங்க ஐயா. ஊட்ல கீது.”

ஐயருக்கு வியர்த்துவிட்டது. எப்படியாவது நாடகம் நகர வேண்டுமே. என் பக்கம் திரும்பினார். “டீச்சர், உங்க வரியை வாசிங்க.” என் தாளில் இருந்த வரி, ‘சகோதரி, ஓடிப்போய் அவர் காலில் விழு’ என்பது. எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அரை மணி முன்புதான் அதே தொண்டையால் கீர்த்தனை பாடியிருந்தேன். ஐயர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன்.

கமிட்டி கூடியது. இனிமேல் நாடக வாசிப்பு கிடையாது, அது குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுக்கிறது என்று முடிவானது. கரண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரூத் புருஷனிடம் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் திருவிருந்தில் பங்கில்லை என்றார்கள். அவள் திரும்பவில்லை. ஸ்டேஷன் பக்கம் நாஷ்டாக் கடை போட்டு, ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இட்லி விற்றாள். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வந்து கடைசிப் பாயில் உட்காருவாள். எல்லாரும் திருவிருந்தின் அப்பத்துக்கும் திராட்சரசத்துக்கும் எழுந்து போகும்போது அவள் மட்டும் உட்கார்ந்தே இருப்பாள். தேவசகாயம் கடைசிவரை காணிக்கைப் பை பிடித்தார். அவர் அடக்க ஆராதனையில் முன்மாதிரியான புருஷன் என்று பிரசங்கம் செய்தார்கள். நான் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இப்போது அந்த ஓட்டுக் கூடம் இல்லை. இடித்துவிட்டார்கள், கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. ஆலயத்தில் பாய்கள் போய்ப் பெஞ்சுகள் வந்துவிட்டன. நாஷ்டாக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அன்னம்மா அக்கா இல்லை, ஐயர் இல்லை. ரூத்தும் போய்ச் சேர்ந்துவிட்டாள், அந்த அப்பத்தைத் தொடாமலே. அன்று அவள் வாசித்தது எந்தத் தாளிலும் அச்சாகவில்லை. கேட்டவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான்.

பாலைத் துடைத்துவிட்டு வந்து இளம் போதகருக்குப் பதில் அனுப்பினேன். வருகிறேன் தம்பி. பக்கத்து வீட்டம்மா வேண்டாம், புருஷன் பாகம் கொடுங்கள். தாள் தேவையில்லை.