காய்ந்த ரோட்டில் ஒரு மீட்பு

பட்டினப்பாக்கம் கடற்கரையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். தூறிவிட்டு நின்றிருந்தது. பேன்ட் தொடைவரை ஈரம், வயிற்றில் ஒன்றுமில்லை. புயல் வருகிறது என்று நான்கு நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் எனக்கு இரண்டு நாள் வேலை கிடைத்திருந்தது.

குடை பிடிக்கும் வேலை. ஆளுக்கு அல்ல, கேமராவுக்கு.

ஒரு செய்தி சேனல்... பெயர் வேண்டாம், சோறு போட்டவர்கள். படகு நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு. யாராவது குடத்தைக் கவிழ்த்தால்கூட அங்கே தண்ணீர் தேங்கும். சேனல்காரர்கள் வந்த ஐந்தாவது நிமிடம் அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நிருபர் தம்பி உள்ளே இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. "கொஞ்சம் முட்டிய மடக்குங்க சார்" என்றார் கேமராமேன். மடக்கினார். தண்ணீர் தொடைக்கு வந்தது. பின்னால் கடல் குதித்துக்கொண்டிருந்தது. பட்டினப்பாக்கத்தில் கடல் என்றைக்குக் குதிக்காமல் இருந்தது?

பத்தடி தள்ளி ஒரு டீக்கடை. உள்ளே டி.வி.யில் அதே நிருபர், அதே பள்ளம். இடைவேளையில் டீ குடிக்கப் போனபோது டீ மாஸ்டர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"யப்பா... எங்க நைனா இது? பேஜாரா கீதே."

"பின்னால தெரியுது பாரு, உன் கடை போர்டுதான்" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

மாஸ்டர் டி.வி.யைப் பார்த்தார். கடைக்கு வெளியே ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் ஒரு நாய் படுத்திருந்தது. திரும்பவும் டி.வி.யைப் பார்த்தார்.

"இருந்தாலும்..." என்றார்.

அந்த 'இருந்தாலும்' இருக்கிறதே — அதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன்.

சேனல்காரர்கள் வேறு கடற்கரைக்குக் கிளம்பினார்கள். கூட வா என்றார்கள். இரண்டு நாளாகத் தூங்கவில்லை, வரவில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். மந்தைவெளிப் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு எங்காவது படுக்கலாம் என்று எண்ணம். ஹவுசிங் போர்டு குடியிருப்பைத் தாண்டும்போது முதல் மாடியிலிருந்து ஒரு குரல்.

"தம்பி... ஏ தம்பி... இங்க வா சீக்கிரம்."

நூர்ஜஹான் அக்கா. இவருடைய கணவர் சலீம் பாயின் பஞ்சர் கடையில் ஒரு காலத்தில் இரண்டு மாதம் இருந்தேன். என் கணக்கில் அது நீண்ட நாள். இப்போது கடை இல்லை. பாய்க்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் மயிலாப்பூரில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் நான்கு மணி நேரம் மெஷினோடு படுக்க வேண்டும்.

மேலே போனேன். பாய் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன. நான்கு வார்த்தை பேசினால் ஒரு தடவை மூச்சு வாங்கியது.

"செவ்வாக்கெழம போவல தம்பி" என்றார் அக்கா. "புயல்னு சொல்லிக்கினே இருந்தாங்க, பயந்துட்டோம். ராத்திரியெல்லாம் படுக்கவே முடியல அவருக்கு. குந்திக்கினே தூங்கறாரு. இன்னிக்கும் வுட்டா தாங்காதுன்னு சிஸ்டர் போன்ல சொல்லிட்டாங்க. ரோடு புல்லா தண்ணின்றாங்களே, எப்டிப் போறது?"

"அக்கா, நான் ரோட்டுலதான் நடந்து வரேன். தண்ணியே இல்ல."

அக்கா என் பேன்ட்டைப் பார்த்தார். தொடைவரை ஈரம்.

நானே போய் நின்று நனைந்த பள்ளம் அது. மூலையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, காலையில் எடுத்ததையே திரும்பத் திரும்பப் போட்டபடி. நிருபர் தம்பி முட்டியை மடக்கி நின்றுகொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல், ஓரத்தில், ஒரு குடையின் நுனி தெரிந்தது. அதைப் பிடித்திருந்தவன் நான்தான் என்று அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பாய்தான் சிரித்தார். "ஊரே தண்ணிக்குள்ள கீதுன்றாங்க. இவ எனுக்கு அரை டம்ளர் குடுக்க மாட்டேன்றா." டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர் அளவுதான், தெரியுமல்லவா. சொல்லி முடித்துவிட்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

அக்காவின் செல்போனில் ஆட்டோ புக் செய்தேன். முதல் டிரைவர், "பட்டினப்பாக்கமா? கடல் உள்ள வந்துடுச்சாமே" என்று கேன்சல் செய்தார். இரண்டாவது ஆள் ஒன்றும் கேட்காமலே கேன்சல். மூன்றாவது ஆள் என் நல்லதுக்கு என்னைத் திட்டினார் — "உசுரு முக்கியம் சார், வீட்டுல இருங்க." நூற்றெட்டுக்குப் போட்டால் லைன் பிஸி.

ஸ்டாண்டில் ஆட்டோ இல்லையா? இல்லை. எல்லாம் அடையாறு பாலத்தின் மேல் இருந்தன.

சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன். 2015-இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு இது எங்கள் வழக்கம். புயல் என்று காதில் விழுந்தால், வண்டி வைத்திருப்பவர்கள் பாலத்தின் மேல் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிடுவார்கள். கார், ஆட்டோ, பைக் எல்லாம். அப்புறம் சைக்கிளுக்குக்கூட இடம் கிடைக்காது.

கால் மணி நேரம் நடந்து பாலத்துக்குப் போனேன். தெரிந்த டிரைவர் கோபி, பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு செல்போனில் புயல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சி, சலீம் பாய்க்கு முடியல. மயிலாப்பூர் வரைக்கும்தான்."

"இன்னா மச்சி பேசற நீ? எறங்கனா இந்த எடம் பூடும். விடிகாத்தால மூணு மணிக்கு வந்து புட்ச்ச எடம்."

"கீழ எட்டிப் பாரு. ரோட்டுல ஒரு சொட்டு தண்ணி கீதா?"

எட்டிப் பார்த்தான். பாலத்துக்குக் கீழே ஆறு தன்பாட்டுக்குக் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. ரோட்டைக் காற்று துடைத்து வைத்திருந்தது.

"இப்ப இல்ல" என்றான். "அப்பவும் இப்டித்தான் மச்சி இல்லாம இருந்துச்சு. தூங்கி எழுந்து பாத்தா என் வண்டி மேல படகு போவுது. மூணு மாசம் மேஸ்திரி வேல செஞ்சேன். உனுக்குத் தெரியாதா?"

தெரியும். அந்த வெள்ளத்தில் என் டிரங்குப் பெட்டியும் போனது. ஒன்பதாவதோடு நின்றவனிடம் இருந்த ஒரே காகிதம், பள்ளிக்கூடத்து டி.சி., அதற்குள் இருந்தது. நாங்கள் இருந்த சந்துக்கு ஐந்து நாள் எந்தக் கேமராவும் வரவில்லை. எதிரே மெயின் ரோட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாளும் எங்கள் சந்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றே ஊர் நினைத்தது. அன்று காட்டாதது நடந்தது. இன்று காட்டியது நடக்கவில்லை. இரண்டு தடவையும் ஜனங்கள் டி.வி.யைத்தான் பார்த்தார்கள். வேறு எதைப் பார்ப்பார்கள்? கோபியைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி நடந்தேன். இந்த நடையில்தான் களைப்பு முழுதாக வந்து உட்கார்ந்தது. ஒரு ஆளை மூன்று கிலோமீட்டர் கொண்டுபோக வேண்டும். ரோடு இருக்கிறது, வண்டி இருக்கிறது, டிரைவர் இருக்கிறான், மெஷின் காத்திருக்கிறது. நடுவில் ஒரு வெள்ளம் ஓடுகிறது — தண்ணீரே இல்லாமல்.

குப்பத்துப் பக்கம் தேசிங்கு இருந்தான். மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிப் போகிறவன். படகுகள் கடலுக்குப் போகாததால் அவனுடைய மீன்பாடி வண்டி சும்மா நின்றது. முன்னால் பலகை, பின்னால் சீட்டு, மூன்று சக்கரம், மிதிக்கிற வண்டி.

"எட்துக்கினு போ" என்றான். "ஆனா நாத்தம் அடிக்கும். பாய் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

நானும் தேசிங்குமாகப் பாயை நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். பலகையில் மெத்தை போட்டுத் தலையணை அடுக்கினோம். காற்று சில்லென்று அடித்ததால் நீலத் தார்ப்பாயை அவர்மேல் போர்த்திக் கயிறு கட்டினான் தேசிங்கு. பக்கத்தில் அக்கா ஏறிக்கொண்டார்.

"இத்தினி வருசம் மீன நான் துன்னேன்" என்றார் பாய், தார்ப்பாய்க்குள்ளிருந்து. "இப்ப மீன் வண்டி என்ன துன்னுது."

"பேசாம வாங்க" என்றார் அக்கா.

மிதித்தேன். மந்தைவெளி வழியாக மயிலாப்பூர். ரோட்டில் ஒரு ஈ காக்கை கிடையாது. கடைகள் பாதி மூடியிருந்தன. வழி முழுக்க என் செருப்பில்கூட ஈரம் படவில்லை. பால்கனிகளில் மட்டும் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு அம்மா, "பார்த்துப் போப்பா" என்றார். நிறையப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை. மூச்சு எனக்கும் வாங்கியது. நடுவழியில் பாய் பேச்சை நிறுத்திவிட்டார். அக்கா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். கூப்பிடும்போதெல்லாம் "ம்" என்று மட்டும் பதில் வந்தது. அந்த "ம்" நின்றுவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை.

சென்டரில் ஸ்ட்ரெச்சர் தயாராக இருந்தது. சிஸ்டர் ஆக்சிஜன் வைத்து, மெஷினில் போட்டு, அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். "சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார். அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அப்புறம் சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அண்ணே, இது நீங்கதான?"

செல்போனில் ஒரு வீடியோ. மேலிருந்து எடுத்தது. நான் மிதிக்கிறேன். நீலத் தார்ப்பாய், ஓரத்தில் பாயின் வீங்கிய கால், அக்காவின் அழுத முகம். சோகமான மியூசிக். கீழே எழுத்து: 'பட்டினப்பாக்கம் வெள்ளத்தில் சிக்கிய முதியவர் மீன் வண்டியில் மீட்பு.'

வீடியோவில் ரோடு நன்றாகவே தெரிகிறது. காய்ந்து கிடக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லா சேனலிலும் வந்துவிட்டது — நான் குடை பிடித்த சேனல் உட்பட. இல்லாத வெள்ளத்தால் வண்டி கிடைக்காமல் போனவர், அந்த வெள்ளத்துக்குச் சாட்சியாகிவிட்டார். சாட்சியைக் கொண்டுபோய் நிறுத்தியவன் நான்.

நான்கு மணி நேரம் கழித்துப் பாய் கட்டிலில் காலை நீட்டி, மல்லாந்து படுத்துத் தூங்கினார். மூன்று நாளுக்குப் பிறகு முதல்முறை படுத்த தூக்கம். பக்கத்தில் மூன்று மெஷின் காலியாகக் கிடந்தது.

"யாருமே வரல" என்றார் சிஸ்டர். "ரோடு நல்லாருக்குன்னு நானே போன் பண்ணிச் சொன்னேன். நீ ஆஸ்பத்திரிக்குள்ள இருந்துக்கிட்டு என்ன கண்டேன்றாங்க. நாளைக்குக் காலைல ஒரு மாமியை மட்டும் கூட்டிட்டு வரீங்களா? மந்தைவெளி. தனியா இருக்காங்க. ரெண்டு டர்ன் போயிடுச்சு."

மறுநாள் சனிக்கிழமை. புயல் எங்கோ வடக்கே போய்க் கரை ஏறிவிட்டது. காலை ஏழு மணிக்கே வெயில். பாலத்திலிருந்து ஆட்டோக்கள் இறங்கி வந்துவிட்டன. மாமியின் அபார்ட்மென்ட் வாசலிலேயே இரண்டு ஆட்டோ சவாரி இல்லாமல் நின்றன. மேலே போய்க் கதவைத் தட்டி, சென்டரிலிருந்து வருகிறேன், கீழே ஆட்டோ நிற்கிறது என்றேன்.

மாமி கம்பிக் கதவைத் திறக்காமலே என் முகத்தை உற்றுப் பார்த்தார். எழுபது வயதிருக்கும். மூச்சு இழுத்தது.

"ஆட்டோவெல்லாம் நான் ஏறமாட்டேன். வழியில தண்ணில நின்னுடும். நேத்து டி.வி.ல ஒரு பாயை அழைச்சுண்டு போனேளே, அது நீங்கதானே? அந்த வண்டி இருந்தா வரேன்."

"மாமி... அது மீன் ஏத்தற வண்டி."

"தெரியறது. பழைய ஜமக்காளம் ஒண்ணு இருக்கு, விரிச்சுக்கறேன். ஆத்துக்கு வந்து குளிச்சாப் போச்சு."

வெளியே பாருங்கள், வெயில் அடிக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் காலைப் பார்த்தேன். பாயின் கால் மாதிரியே இருந்தது. படியிறங்கிப் போய் தேசிங்குவிடம் வண்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். மாமி ஜமக்காளத்தை விரித்து, ஒவ்வொரு காலாக மெல்ல ஏறி, பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இரண்டு ஆட்டோக்காரர்களும் வாயிலிருந்து பீடியை எடுத்துவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

ஒரு பொய்யை நம்பி நான்கு நாள் வீட்டுக்குள் கிடந்தவர், அதே பொய்யை நம்பித்தான் வெளியே வந்தார். நான் எதையும் திருத்தவில்லை. மிதித்தேன்.