சனிக்கிழமைச் சொம்பும் வங்கிக் கடனும்

கடன் கேட்டு நான் அந்த வங்கிக்குப் போகவில்லை. அவர்கள்தான் என்னைத் தேடி வந்தார்கள். காய்கறி மார்க்கெட் வாசலில் பெரிய குடையை நட்டு, சிறு வியாபாரிகளுக்கு வீடு தேடி வந்து கடன் தருகிறோம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்ற மார்க்கெட்டிங் ஆளுக்கு மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் மாவு வண்டியைப் பார்த்ததும் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் சுட்டுக் கொடுத்த தோசையைச் சாப்பிட்டுவிட்டு, இந்த மாவுக்கு வங்கியே உங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று புகழ்ந்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் ஊர் சித்தூர் பக்கம், எல்லையோரம். திருப்பதிக்கு வந்து அலிபிரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். நான் இட்லி மாவு அரைக்கிறேன். வீட்டுக்காரர் அதை டிபன் வண்டிகளுக்குக் கொண்டு போய்ப் போடுகிறார். அலிபிரியில் பெரிய டிபன் கடை வைத்திருக்கிற ஒருவர், கார்த்திகையிலிருந்து எனக்கு வேண்டிய மாவு மொத்தமும் நீங்களே போடுங்கள், முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றிருந்தார். வீட்டில் இருந்த கிரைண்டர் அதற்குத் தாங்காது. பெரிய கிரைண்டர் வாங்கத்தான் அந்தக் கடன்.

வங்கியிலிருந்து ஓர் ஆபீசர் வந்து வீட்டையும் தொழிலையும் பார்ப்பார் என்றார்கள். என்றைக்கு என்று சொல்லவில்லை. அவர் வந்தது புரட்டாசி சனிக்கிழமை.

எங்கள் குலதெய்வம் ஏழுமலையான். புரட்டாசி சனிக்கிழமையில் நெற்றியில் நாமம் இட்டு, மஞ்சள் துணி உடுத்தி, பித்தளைச் சொம்புக்கும் நாமம் போட்டு, "கோவிந்தா" என்று வீடு வீடாகப் போய் அரிசி கேட்போம். அப்படிப் பிச்சை எடுத்த அரிசியில்தான் அன்றைக்குச் சாமிக்குத் தளிகை. வீட்டில் மாவுக்கு வாங்கிய அரிசி மூட்டை மூட்டையாக இருக்கும். அது ஆகாது. அன்று நானும் வீட்டுக்காரரும் செருப்பில்லாமல் எதிர்வீட்டு வாசலில் சொம்போடு நின்றோம். தெருமுனையில் பைக்கில் ஒருவர் எங்களையே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இரண்டு நாள் கழித்து மார்க்கெட்டிங் ஆள் வந்தார். உட்காரவில்லை.

"எப்படிச் சொல்றதுன்னு தெரில அம்மா. பாக்க வந்த ஆபீசரு வடக்க வேற ராஷ்டிரத்து ஆளு. தெருவுல பிச்ச எடுத்துக்கினு கீறாங்க, இவங்க எங்க கட்டுவாங்கன்னு எழுதி வச்சிட்டாரு."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் போன பிறகுதான் கோபம் வந்தது.

வீட்டுக்காரர் சமாதானமாகத்தான் பேசினார். "வுடு மே. மிச்ச வாரத்துக்குச் சொம்ப உள்ள வச்சிடலாம். அவர திரும்பக் கூப்ட்டுக் காட்டலாம். பெருமாளு கோச்சுக்க மாட்டாரு."

"பெருமாளு கோச்சுக்க மாட்டாரு. நான் கோச்சுக்குவேன்," என்றேன்.

மறுநாள் இரண்டு பேரும் வங்கிக்குப் போனோம். மேனேஜர் தெலுங்குக்காரர், பொறுமையானவர். பக்கத்தில் அந்த ஆபீசரும் இருந்தார். நான் பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக விஷயத்தைச் சொன்னேன். மேனேஜருக்குப் புரிந்தது. ஆனாலும் ஆபீசர் எழுதினதை மாற்ற ஒரு காரணம் வேண்டுமாம். இது பிழைப்புக்காக இல்லை, இனிமேல் இப்படிப் போகவும் மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வீட்டுக்காரர் பேனாவை எடுத்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"பொழப்புக்கு இல்லன்னு எழுதித் தரோம் சார். இனிமே போ மாட்டோம்னு எழுத மாட்டோம்."

ஒரு வரிதானே அம்மா, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றார் மேனேஜர்.

"நீங்க யாரும் பாக்க மாட்டீங்க. நான் பாத்துக்கினு இருப்பேன் இல்ல?"

அந்த ஆபீசர் ஏதோ இந்தியில் கேட்டார். வீட்டில் மூட்டை மூட்டையாக அரிசி இருக்கும்போது எதற்குப் பிச்சை என்று கேட்கிறாராம், மேனேஜர் சொன்னார்.

"மூட்ட கீதுன்ற திமிரு எறங்கணும், அதுக்குத்தான்," என்றேன். மேனேஜர் அதை அவருக்கு எப்படிச் சொன்னாரோ தெரியாது. நான் நிறுத்தவில்லை. "கேட்டு வாங்கின அரிசிய சாமிக்கு வெக்கறோம். உங்ககிட்ட வாங்கறத மாசாமாசம் உங்களுக்கே கட்டப் போறோம். ரெண்டும் ஒண்ணு இல்ல சார். குடுக்க இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. கொட நட்டுக் கூப்ட்டது நீங்கதான்."

கிரைண்டர் போனால் போகட்டும் என்று எழுந்துவிட்டேன். மேனேஜர் உட்காரச் சொன்னார். ஆபீசர் இன்னொரு தடவை வந்து பார்க்கட்டும், திங்கள் செவ்வாயில் வரச் சொல்லவா என்றார்.

"சனிக்கிழமையே வரட்டும் சார்."

வந்தார். நாங்கள் தெருவில் பாதி தூரம் போயிருந்தோம். ஒளியவுமில்லை, அவசரப்படவுமில்லை. அவர் பைக்கை நிறுத்திவிட்டு எங்கள் பின்னாலேயே நடந்தார். கடைசி வீட்டு அம்மா அரிசிப்படியோடு வந்து, யார் இவர் என்று கேட்டாள்.

"பேங்க் சாரு. நாங்க பிச்ச எடுக்கறத பாக்க வந்துகீறாரு."

"பாத்துக்கினு சும்மா நின்னா? கைய நீட்டச் சொல்லு," என்றாள் அவள்.

அவருக்கு வார்த்தை புரியவில்லை. படி நீண்டதும் ஷூவைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் ஏந்தினார். வாங்கின அரிசியை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். வீட்டுக்காரர் சொம்பை நீட்ட, அதில் போட்டார்.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் வந்து கிரைண்டரையும் மாவையும் பார்த்தார். தளிகை முடியும் வரை காக்க வைத்தேன். இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஐப்பசியில் கடன் வந்தது. கார்த்திகையில் அலிபிரிக் கடைக்கு மாவு போய்விட்டது. இந்த வருஷப் புரட்டாசிக்கும் போவோம். அந்த வங்கிக்கு எதிர்வரிசையில் நாலைந்து வீடுகள் இருக்கின்றன. முதலில் அங்கேதான் போய் நிற்பதாக இருக்கிறேன்.