லில்லிக்குக் கல் சொல்ல மயிலாடிக்கு

1932, மாசி மாதம், வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்கே நானும் என் மனைவி ஞானப்பூவும் கருங்கல் சந்தை முக்கில் பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். ஐப்பசியில் காய்ச்சலில் இறந்துபோன எங்கள் மகள் லில்லியின் கல்லறைக்குக் கல் சொல்ல மயிலாடி வரை போகவேண்டும். நான் பக்கத்து ஊர்ச் சபையில் உபதேசியார். கல்லில் என்ன வெட்டவேண்டும் என்று போதகர் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். கொடுத்தவரே எடுத்துக்கொண்டார், அவருக்கு நன்றி என்கிற கருத்தில் மூன்று வரி. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அநேகமாக எல்லாக் கல்லிலும் இருப்பது அதுதான். ஞானப்பூ தாளை வாங்கிப் படித்தாள். மடித்துத் திருப்பித் தந்தாள். பிள்ளை போனபிறகு அவள் கோவிலில் பாட்டுக்கு வாய் திறப்பதில்லை. சபையில் எல்லாருக்கும் அது தெரியும்.

ஏழு மணிக்குத்தான் பஸ் வந்தது. நாகர்கோவிலுக்குப் பதிமூன்று மைல், கட்டணம் ஆளுக்கு ஏழு சக்கரக் காசு. எட்டுப் பேர் பலகையில் பதினோரு பேரை அடைத்தார்கள். என் மடியில் யாரோ ஒருவருடைய கருவாட்டுக் கடவப்பெட்டி. கூட்டத்தைப் பற்றியும் புழுதியைப் பற்றியும் பின்னால் இருமியவரைப் பற்றியும் நான் புலம்பிக்கொண்டே வந்தேன். போன ஞாயிறுதான் வனாந்தரத்தில் முறுமுறுத்த ஜனங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கித்திருந்தேன். ஒரு மைல் தாண்டுமுன் நானும் அவர்களில் ஒருவனாகிவிட்டேன்.

இரணியலில் வண்டி கொதித்து நின்றது. டிரைவர் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார்.

"இப்படி நின்னு நின்னு போனா நாங்க எப்பம் போய்ச் சேருகது?" என்றேன்.

"வண்டிக்கும் வெள்ளம் தவிக்கும்லா உபதேசியாரே. நீங்க செபம் பண்ணுங்க, நான் கோரிட்டு வாறேன்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஞானப்பூ ஜன்னல் வழியே மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதரைக்கு நாகர்கோவில். கோட்டாற்றில் ஒரு மாட்டுவண்டி பேசினோம்; ஏழு மைலுக்குப் பதினான்கு சக்கரம். சுசீந்திரம் தாண்டியதும் எங்கள் மேற்குப் பக்கத்து மேடும் பள்ளமும் போய் வயல் விரிந்தது. கும்பப்பூ நெல் அறுவடை. தேரூர்க் குளத்தங்கரையில் சற்றே காற்று வந்தது. பிறகு அதுவும் இல்லை. தலைவலி, பசி, வெயில். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று.

பகல் பன்னிரண்டு மணி. ஊர் கண்ணில் படுமுன்பே உளிச் சத்தம் கேட்டது. கல்லாசாரிக்கு ஐம்பது வயது இருக்கும், புருவத்திலும் கல்தூள். ஒரு பக்கம் பாதி முடிந்த பிள்ளையார், இன்னொரு பக்கம் ஆட்டுரல்கள். அவர் தாளை விரித்து எழுத்துகளை விரலால் எண்ணினார். பிறகு ஞானப்பூவைப் பார்த்தார்.

"அம்மைக்கும் இது சம்மதம்தானா? வெட்டினா வெட்டினதுதான். பொறவு அழிக்க முடியாது. அதுனால ரெண்டுபேர்ட்டயும் கேக்குகது எனக்க வழக்கம்."

ஞானப்பூ சொன்னாள்: "பேரு வெட்டுங்க. மூணு வருஷம் ரெண்டு மாசம்னு வயசும் வெட்டுங்க. அதுக்குக் கீழ ஒண்ணும் வெட்டண்டாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னட்டி சொல்லுத? சபையில நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"நாலு மாசமா ஆண்டவர்ட்ட நான் ஒண்ணுதான் கேக்குதேன், எதுக்கு எடுத்தீருன்னு. பதில் வரல்ல. உள்ளுக்குள்ள இல்லாத நன்றிய பிள்ளைக்க தலைமாட்டுல எழுதினா அது பொய்யில்லா?"

"அப்பம் நீ அவரை விட்டுட்டியா?"

"விட்டிருந்தா யாருட்ட கேக்குதேன்? மூணு வரிக்கு இடம் விடச் சொல்லுங்க. அந்த நன்றி எனக்க வாயில வாற அன்னைக்கு வெட்டிக்கிடலாம்."

ஆசாரி பக்கத்திலிருந்த கல்லைச் சாண் போட்டு அளந்தார். "இடம் விடுகதுக்கும் வேலை உண்டு. இப்பமே கொத்தி மட்டம் பிடிச்சு வச்சாத்தான் பொறவு எழுத்து நிக்கும். எத்தனை வருஷம் ஆனாலும் ஆள் சொல்லி விடுங்க, நான் கருங்கலுக்கே வந்து வெட்டித் தாறேன்."

நான் எழுந்து வெளியே போய்ப் பனைமூட்டு நிழலில் நின்றேன். கோபம்தான் முதலில் வந்தது. பிறகு பயம். சபைக் கமிட்டியார் முகம் ஒவ்வொன்றாக முன்னால் வந்தது. இந்த நாலு மாதமும் குடும்ப ஜெபத்தில் தினமும் நான் உரக்க நன்றி சொன்னேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் ஆண்டவரிடம் கேட்க அந்த ஒரே கேள்விதான் இருந்தது. உபதேசியார் அப்படிக் கேட்கலாமா என்று அடக்கி வைத்திருந்தேன்.

உள்ளே போய் ஆசாரியிடமிருந்து தாளைத் திருப்பி வாங்கினேன். "அவ சொன்னபடியே செய்யும்" என்றேன்.

இரண்டு மணிக்கு அதே மாட்டுவண்டியில் திரும்பப் புறப்பட்டோம். மருந்துவாழ்மலை மெல்லப் பின்னால் போயிற்று. ஞானப்பூ என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வண்டி குலுங்கியும் விழிக்கவில்லை. நான் சத்தமில்லாமல், ஏன் எடுத்தீர் என்று முதல்முறையாகக் கேட்டேன். கண் நிறைந்துவிட்டது. வண்டிக்காரர் காணாததுபோல் மாட்டைத் தட்டினார்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் மற்றக் கல்லெல்லாம் நன்றி சொல்லும்; லில்லியின் கல் மட்டும் பேருக்குக் கீழே வெறுமையாக நிற்கும். கமிட்டி கூடும், போதகர் வருத்தப்படுவார், ஒருவேளை என் வேலையும் போகும். ஆண்டவர் இரக்கமுள்ளவர் என்று எத்தனையோ வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். எழுதாமல் விட்ட அந்த மூன்று வரி இடத்தை அவர் பொறுத்துக்கொள்வார் என்று நானே நம்பியது அந்த வண்டியில்தான்.